லோ வோல்டேஜுக்கு ஒரு சுவிட்ச்

முப்பது வருடத்துக்கு மேலாகக் கிதார் வாசிக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, தலைவர் வரும்வரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்துவைக்கும் பாட்டுக் கச்சேரி என்று நாமக்கல், சேலம், துறையூர் வட்டாரத்தில் நான் ஏறாத மேடை குறைவு. கிதார் வயரை எந்தப் பெட்டியில் செருகுகிறாய் என்று இத்தனை மேடையிலும் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. சத்தம் வந்தால் நல்ல பெட்டி. வராவிட்டால் மேலே ஓங்கி ஒரு தட்டு. அதற்கும் வராவிட்டால் சவுண்டு சர்வீஸ்காரர் வேறொன்று கொடுப்பார். ஆம்ப்ளிஃபயரைப் பற்றி எனக்கு இருந்த ஞானம் அவ்வளவுதான். அதில் இன்றும் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை.

கல்யாணமான பிறகு கொல்லிமலையில்தான் குடியிருக்கிறேன். மனைவிக்கு ஆலத்தூர் நாடு. அவள் பங்குக்கு வந்த நிலத்தில் சில்வர் ஓக் மரங்களும் அவற்றின்மேல் ஏறிய மிளகுக் கொடிகளும் கொஞ்சம் மரவள்ளியும் உண்டு. நான் அடிவாரத்துக்காரன், காரவள்ளி. கச்சேரி இருந்தால் பஸ் ஏறிக் கீழே போவேன். இல்லாவிட்டால் மிளகு பறிப்பேன். இரண்டிலும் தேய்வது விரல்தான்.

எங்கள் வீட்டுக்கு மேல்புறம் ஒரு கட்டடம், ரிசார்ட் ஆகப்போகிறது என்று ஆரம்பித்து எதுவும் ஆகாமல் நின்றிருந்தது. சில வருடங்களுக்கு முன் அதை ஒருவர் வாடகைக்கு எடுத்தார். சென்னையில் வளர்ந்து, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, 'ஆத்மா செத்துப்போய்' இங்கே வந்ததாகச் சொன்னார். ஆத்மா செத்தவர் இரண்டு லாரி சாமானோடு வந்திறங்கியதை ஊரே நின்று பார்த்தது. கிதாருக்கான வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கையாலேயே செய்து விற்பது அவர் தொழில். டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்பு ரேடியோப் பெட்டிகளுக்குள் செக்கச்செவேலென்று எரியுமே கண்ணாடிக் குழாய், அதுதான் வால்வு. ஊர்க்காரர்கள் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் எங்காவது அச்சடித்திருப்பார்.

ஒரு மத்தியானம் என் பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு வீட்டு முன்னால் உட்கார்ந்து அடுத்த கச்சேரிக்கான பாட்டுகளைப் பழகிக்கொண்டிருந்தேன். பெட்டிக்காரர் இறங்கி வந்து முழுப் பாட்டும் நின்று கேட்டார்.

"அண்ணா, உங்க டோன்ல ஒரு நேர்மை இருக்கு."

என்னைக் கை வேகமானவர் என்று சொல்லியிருக்கிறார்கள். குடிக்காமல் மேடைக்கு வருகிறவர் என்று சொல்லியிருக்கிறார்கள். நேர்மை எனக்குப் புதிது.

"எதுலீங்க? பாட்டுலயா?"

"பாட்டுல இல்லண்ணா. டோன்ல. அந்த ஓரத்துல ஒரு கரகரப்பு."

"அது ஸ்பீக்கர் பேப்பர் கிழிஞ்சிருக்குதுங்க. மாத்தணும்."

அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். "மாத்திடாதீங்க," என்றார், ஏதோ வேண்டுதல் போல.

மறுநாள் அவர் கட்டடத்துக்குப் போனேன். செருப்பை வெளியே விடச் சொன்னார். நடு அறையில் ஒரு முக்காலியின்மேல் பெட்டி இருந்தது. கூடு பலா மரம். இந்த மலையிலேயே அறுத்த மரம் என்றார். இந்த மலையில் பலா மரத்துக்கு என்ன பஞ்சம்? முகப்பில் ஸ்பீக்கரை மறைத்து ஒரு சாக்குத் துணி. அதுவும் இங்கே மிளகு கட்டிய சாக்குதான்; மணம் போய்விடக் கூடாது என்று துவைக்காமலே தைத்திருந்தார். மேலே திருகுவதற்கு மூன்றே மூன்று நாப். ஒன்று சத்தத்துக்கு, ஒன்று டோனுக்கு, ஒன்று எதிரொலிக்கு.

"பாஸ் எங்கீங்க? மிடில் எங்கீங்க? என்ற ஓட்டப் பெட்டியிலயே ஏழு நாப் இருக்குதுங்களே."

"தேவையில்லண்ணா. மீதியெல்லாம் உங்க விரல்ல இருக்கு."

அவர் சொன்ன விலைக்கு எங்கள் பக்கம் நல்ல டிராக்டர் வாங்கலாம். டிராக்டர் விற்கிறவன் மீதியெல்லாம் உங்கள் காலில் இருக்கிறது என்று சொன்னால் விடுவார்களா?

பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். வீட்டு ரேடியோவிலும் டிவியிலும் இருக்கிற, சர்க்யூட் பதித்த பச்சை அட்டை இதற்குள் இல்லை. ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்து, வளைத்து, முனையில் ஈயம் வைத்திருந்தார். அட்டை வந்ததும் டோன் செத்துப்போனதாம். அடியில் ஒரு தகரத் தட்டு, அதற்குள் நீளமாக மெல்லிய ஸ்பிரிங். எதிரொலி அதிலிருந்துதான் வருகிறது. பெட்டியை ஒரு விரல் உயரம் தூக்கி விட்டார். உள்ளே இடி இடித்தது. குழந்தை முதல் வார்த்தை பேசியதைப் போல என்னைப் பார்த்தார். பதினைந்து வாட்ஸ் பெட்டி, தூக்கினால் சிமென்ட் மூட்டையில் பாதிக் கனம்.

சுவிட்சைப் போட்டதும் வாசிக்கக் கூடாது. வால்வு சூடாக வேண்டும். "அது எந்திரிக்கட்டும்ணா," என்றார். அது எழுந்திருக்கும்வரை அதன் குரலைப் பற்றிச் சொன்னார். தேன் என்றார். மரவாசனை என்றார். மூச்சு விடும் என்றார். மழை பெய்து ஓய்ந்த மலை என்றார். ஒரு பெட்டிக்கு இத்தனை உவமை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இது கச்சேரி அறிவிப்பாளர்களைப் பார்த்து நான் கற்றது.

இவ்வளவும் கேட்ட பிறகு அந்தப் பெட்டி கேவலமாக இருந்திருக்க வேண்டும். அதுதான் நியாயம். ஆனால் அப்படி இருக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கீழ்த் தந்தியை மெதுவாகத் தொட்டேன். சுரம் சட்டென்று வந்து நிற்கவில்லை. ஒரு சுற்றுப் பெருத்து, பிறகு தானாக இளைத்தது. கொஞ்சம் அழுத்தினேன். குரல் ஓரத்தில் கரகரத்தது, கூத்தில் உச்சத்தில் பாடுகிறவரின் தொண்டை கரகரப்பதைப் போல, உடையவில்லை. கையை லேசாக்கினேன். மறுபடி சுத்தம். இதற்கு நடுவில் ஒரு நாபையும் நான் தொடவில்லை. என் மோதிர விரல் எப்போதும் ஒரு நூல் தாமதமாகத்தான் இறங்கும். என் பழைய பெட்டி அதைப் பல வருடமாக மறைத்துக் காப்பாற்றி வந்தது. இது முதல் நிமிஷத்திலேயே போட்டுக்கொடுத்தது. வாசிக்க வாசிக்க அந்த விரல் தன்னைத் திருத்திக்கொள்வதும் கேட்டது.

நடுவில் தும்மல் வந்தது. ஸ்பீக்கர் அதிர்ந்ததில் சாக்கிலிருந்து மிளகுத் தூள் பறந்துகொண்டிருந்தது.

"எப்டிண்ணா இருக்கு?"

"தும்மலு வருதுங்க," என்றேன். வேறெதுவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்றே எனக்கு ஒரு வேலை கொடுத்தார். இன்டர்நெட்டில் போடுகிற வீடியோக்களுக்கு அந்தப் பெட்டியை நான் வாசித்துக் காட்ட வேண்டும். ஈயம் வைக்க ஆள் கிடைக்குமா என்றும் கேட்டார். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு ஓசூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சால்டரிங் செய்தவள். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்.

"என்ன கம்பெனீங்க?"

"கம்பெனி இல்ல. பொட்டிக் ஆம்ப்ளிஃபயராம்."

"பொட்டிக்குன்னா ஜாக்கெட் தைக்கிற கடைதானுங்களே?"

நாமக்கல்லில் அவளுக்குத் தெரிந்த பொட்டிக் எல்லாம் அப்படித்தான். கண்ணாடி பதித்து, கைக்கு ஜரிகை வைத்து, சாதாரண தையல்காரர் வாங்குவதைப் போல மூன்று மடங்கு வாங்குவார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்தாள். பகலில் மேல் கட்டடத்தில் ஈயம் வைப்பாள். நான் கச்சேரி இல்லாத நாட்களில் போய் வாசிப்பேன். இப்படி ஒரு சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது.

எங்கள் ஊர் மின் கம்பியின் கடைசிக் கோடி. இருட்டத் தொடங்கி எல்லா வீட்டிலும் விளக்கும் மிக்சியும் ஓட ஆரம்பித்தால் எங்களுக்கு வந்து சேருவது மிச்சம்தான். பல்பு சிவக்கும். ஃபேன் இறக்கையை எண்ணலாம். ஊரே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தது ஒருமுறை அல்ல. அன்றும் அப்படிக் கரண்டு இறங்கியது. பெட்டியின் குரலும் கூடவே இறங்கியது. கூர்மை போய், தூக்கத்தில் பேசுகிற மாதிரி மெத்தென்று ஆனது. நான் நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாதீங்கண்ணா!" பெட்டிக்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்து பிளக் பாயின்ட்டில் மீட்டரைச் செருகினார். இருநூற்று முப்பது வோல்ட் வர வேண்டிய இடத்தில் நூற்று எழுபதுக்கும் கீழே காட்டியது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் வேறெங்கும் அவ்வளவு வெளிச்சம் இல்லை.

அடுத்த மாதம் அவர் பெட்டியில் ஒரு சுவிட்ச் புதிதாக வந்தது. அதன்மேல் 'மலை' என்று தமிழிலேயே எழுதியிருந்தார். அதைத் தட்டினால், வீட்டுக்கு நல்ல கரண்டு வந்தாலும், பெட்டிக்குள் வால்வுகளுக்குக் கம்மியாகத்தான் போகும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒழுங்கான கரண்டு வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்களுக்காக.

அந்தச் சுவிட்சுக்கு வயர் பற்றவைக்க வேண்டியவள் என் மனைவி. அவள் சால்டரிங் இரும்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க சார், கரண்டு கம்மியா வர்றதுக்கு ஒரு சுச்சுங்களா?"

"ஆமாக்கா. அதுதான் நம்ம ஸ்பெஷல்."

"அதுக்கு எங்கூருக்கு வந்து கம்பியப் புடிச்சாப் போதுமுங்களே. நாங்க ஊரோட மனுக் குடுத்துட்டு இருக்கறோம், நீங்க காசு வாங்கிட்டு விக்கறீங்க."

அவர் சிரித்தார். அவள் கிண்டல் செய்வதாக நினைத்தார். அவள் கிண்டல் செய்யவில்லை. அந்த மனுவில் அவள் கையெழுத்தும் இருந்தது.

பிறகு வீடியோ எடுத்தார்கள். கேமராக்காரர் ஒருவர் பெங்களூரிலிருந்து வந்தார். அருவிக்குப் போகிற ஓடை ஓரத்தில் ஒரு பாறையைப் பிடித்து, என்னை அதன்மேல் உட்காரவைத்து, பக்கத்தில் பெட்டியை வைத்தார்கள். பெட்டியின் வயர் ஒரு புதருக்குள் போய் முடிந்தது.

"கரண்டு எங்கிருந்துங்க வருது?"

"வராதுண்ணா. சவுண்டு ரூம்ல எடுத்தாச்சு. நீங்க சும்மா கையை அசைங்க."

ஒரு பாசிமணி மாலையும் கறுப்புக் கம்பளியும் எடுத்துக் கொடுத்தார். "உங்க ஊர் டிரெஸ்தானேண்ணா?"

"எங்கூரு காரவள்ளிங்க. அங்க பேன்ட்டுதான் போடுவோம்."

வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சத்தமில்லாத கிதாரை வாசித்தேன். ஓடைக்குப் பிக்னிக் வந்திருந்த துறையூர்க் குடும்பம் ஒன்று புளிசாதத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அவர்கள் கண்ணில் பட்டதை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது. கேமராக்காரர் லென்ஸ் மாற்றிய நேரத்தில் ஒரு குரங்கு இறங்கி வந்து, பெட்டியின்மேல் உட்கார்ந்து, டோன் நாபைத் திருகிப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. பெட்டிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். குரங்கு அதைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தூர எறிந்தது. அந்த மலையில் அந்தப் பெட்டியைப் பற்றி வெளிப்படையாகக் கருத்துச் சொன்னது அது ஒன்றுதான்.

அடுத்த நாள் பட்டறையில் படப்பிடிப்பு. என் மனைவியைச் செருப்பில்லாமல், கொசுவம் பின்பக்கம் வைத்துக் கட்டி, தலையில் காட்டுப்பூ சூடி உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு முறம் வேறு.

"மொறம் எதுக்குங்க? ஈயத்தப் பொடைக்கவா?"

"ஒரு மலைவாசம் வேணும்க்கா, ஃபிரேம்ல."

"நான் ஓசூர்ல கோட்டும் தொப்பியும் போட்டு வேல செஞ்சவ சார். அந்தக் கோட்டு வாங்கிக் குடுங்க, போட்டுட்டு எத்தன நேரம்னாலும் உக்காறேன். இல்லாட்டிக் கைய மட்டும் எடுத்துக்கங்க."

கையை மட்டும் எடுத்தார்கள். வாட்சைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். வீடியோ வந்தபோது அவள் கைக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடியது. தலைமுறை தலைமுறையாக மலைமக்கள் காத்துவந்த கைத்திறன் என்று அதற்கு அர்த்தம். நான் படித்துச் சொன்னேன்.

"எங்கப்பன் மரவள்ளி புடுங்குனாரு, அவிங்கப்பன் சாம வெதைச்சாரு. இதுல யாருங்க ஈயம் வெச்சது?" என்றாள். அதோடு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த வருடம் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு நாமக்கல்லிலிருந்து எங்கள் குழுவையே கூப்பிட்டிருந்தார்கள். பெட்டிக்காரர் தானாக வந்து, என் கிதாருக்குத் தன் பெட்டியைத் தருவதாகச் சொன்னார். மலையில் பிறந்த பெட்டி மலை மக்களுக்குப் பாட வேண்டுமாம். மறுத்துப் பார்த்தேன். கோயில் கமிட்டிக்கு அவர் நன்கொடை கொடுத்திருந்தார். அவர்களே வந்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கு. சவுண்டு சர்வீஸ்காரர் மேடைக்கு வந்து எல்லாப் பெட்டிக்கும் முன்னால் மைக் வைத்தார். பெட்டிக்காரர் தன் பெட்டிக்கு முன்னால் வைத்த மைக்கை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"மைக் வெச்சா அது மைக்கோட டோன். என் பெட்டியோட டோன் மக்களுக்கு நேரா போகணும்."

"சார், எதிர்ல ரெண்டாயிரம் பேரு உக்காருவாங்க," என்றார் சவுண்டு சர்வீஸ்காரர்.

"கேக்கறவங்களுக்குக் கேக்கும்."

சவுண்டு சர்வீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் கிதாருக்குச் சுருதி சேர்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

முதலில் சாமி பாட்டு. டிரம்ஸ், ரிதம் பேட், கீபோர்டு, தவில் எல்லாம் சேர்ந்து மைதானத்தை அதிரவைத்தன. என் தனி வாசிப்பு வந்தது. முன்னால் ஓர் அடி எடுத்துவைத்து, தலையை ஆட்டி வாசித்தேன். எனக்கே கேட்கவில்லை. பந்தலின் நடுவிலிருந்து ஒருவர் எழுந்து வாயைக் குவித்துக் கத்தினார்.

"ஏனுங்கோ, கித்தாரு ரிப்பேருங்களா?"

சிரிப்பு மைதானத்தின் கடைசிவரை போய்த் திரும்பியது. அதற்கு மைக் தேவைப்படவில்லை. பாடகி திரும்பிப் பார்த்தார். மேடையின் ஓரத்தில், பெட்டிக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில், பெட்டிக்காரர் கண்ணை மூடி மெய்மறந்து நின்றார். அந்த மைதானத்தில் என் வாசிப்பைக் கேட்டது அவர் ஒருவர். அவர் போதும் என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது.

அடுத்த பாட்டுக்கு முன்பு நான் வயரைப் பிடுங்கினேன். வழக்கம்போல ஒரு முன்னெச்சரிக்கைக்காக என் கிழிந்த பேப்பர் பெட்டியும் வந்திருந்தது. அதில் செருகினேன். சவுண்டு சர்வீஸ்காரர் நான் கேட்காமலே மைக்கைக் கொண்டுவந்து அதன் முன்னால் நட்டார். அதற்குப் பிறகு விசில்தான்.

கச்சேரி முடிந்து சாமான் கட்டும்போது பெட்டிக்காரர் வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஆடியன்ஸ் இன்னும் ரெடியாகலண்ணா."

"அவிங்க மத்தியானமே பாய் விரிச்சு எடம் புடிச்சு உக்காந்துட்டாங்க சார். அதுக்கு மேல எப்பிடி ரெடியாவாங்க?"

அவர் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாரத்தில் அந்தத் திருவிழாவின் படத்தை இன்டர்நெட்டில் போட்டு, ஆயிரக்கணக்கான மலைமக்கள் முன்னிலையில் ஒலித்த பெட்டி என்று எழுதிவிட்டார். என் பாவமும் அதோடு போயிற்று.

வீடியோக்கள் ஓடின. ஆர்டர் வந்தது. அப்படி வாங்கியவர்களில் ஒருவர், சென்னையில் பல் டாக்டர், ஒருநாள் காரில் மலையேறி வந்தார். பின் சீட்டில் பெட்டிக்கு பெல்ட் போட்டு உட்காரவைத்திருந்தார். பெட்டிக்காரர் அன்று ஊரில் இல்லை. பட்டறையில் நானும் மனைவியும்தான்.

"வீடியோவுல கேட்ட சவுண்டு வரலீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆறுமாதமாக யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்கிற மாதிரி சொன்னார். "மலை சுவிட்ச் போட்டுப் பாத்துட்டேன். வயர் மாத்திட்டேன். வால்வு ரஷ்யாவுலேந்து வரவழைச்சு மாத்திட்டேன். கிதாரே மாத்திட்டேன்."

பெட்டியை இறக்கிச் செருகினோம். அவரை வாசிக்கச் சொன்னேன். உட்கார்ந்தார். தந்தியைத் தொட்டார். தொட்டார் என்பதுகூட அதிகம். தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்று பயந்தவர் மாதிரி பக்கத்தில் போய்விட்டுத் திரும்பினார். பெட்டி என்ன செய்யும்? கொடுத்ததைக் கொடுத்தது.

"நீங்க வாசிங்க சார், ப்ளீஸ்."

வாசித்தேன். பெட்டி எப்போதும் போலத்தான் இருந்தது. டாக்டர் எழுந்துவிட்டார்.

"அதுதான்! அதே சவுண்டு! என்ன செட்டிங்?"

மூன்று நாபும் நடுவில் இருந்தன. அவர் அவற்றை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார். நான் உட்கார்ந்த முக்காலியைப் படம் எடுத்தார். பிறகு என் விரலைப் பார்த்தார்.

"என்ன பிக் யூஸ் பண்றீங்க?"

கையை விரித்து, தந்தியை மீட்டுகிற சில்லைக் காட்டினேன். காலாவதியான ஏ.டி.எம். கார்டை மனைவி கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டிக் கொடுத்தது. பேங்கு பெயரில் பாதி எழுத்து அதில் இன்னும் இருந்தது.

"இத எனக்குக் குடுக்க முடியுமா?"

கொடுத்தேன். திருநீறு வாங்குவதைப் போல வலது கையை நீட்டி வாங்கி, பர்ஸுக்குள் வைத்தார். 'கை ஓட்டம் வரணும் டாக்டர், தினமும் ஒரு மணி நேரம் உக்காருங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. ஆறு மாதம் வராதது இப்போது பர்ஸுக்குள் வந்துவிட்டது என்ற நிம்மதி. அப்படிப்பட்டவரிடம் பயிற்சி என்று சொல்வது வீண். பெட்டிக்கு மறுபடி பெல்ட் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

"பாவமுங்க," என்றாள் மனைவி.

"என்ன பாவம்? பல்லு புடுங்கறதுக்கு அஞ்சு வருசம் படிச்சவரு. கித்தாருக்கு அஞ்சு நாளு ஒழுங்கா உக்காந்திருப்பாரா?"

டாக்டர் சென்னை போய்ச் சேர்ந்து, அந்தப் பிக்கைப் பற்றி எங்கோ எழுதினார். அடுத்த வாரம் பெட்டிக்காரர் என் கையில் ஒரு கட்டுப் பழைய கார்டுகளையும் கத்தரிக்கோலையும் கொடுத்தார். ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு 'மலைப் பிக்' இலவசமாம். கொஞ்ச நாள் வெட்டினேன். பிறகு கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முப்பது வருடம் வாசித்த கையால் ஏ.டி.எம். கார்டு வெட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் பலாக் கூடுகள் ஈரத்தில் விரிய ஆரம்பித்தன. மூலையெல்லாம் வாய் பிளந்தது. அதோடு, பார்சல் லாரி எங்கள் ஊர்வரை வருவதில்லை. எல்லாம் சேர்ந்து பெட்டிக்காரருக்கு ஆத்மா திரும்பிவிட்டது. பெங்களூருக்கே பட்டறையை மாற்றினார். என் மனைவியையும் கூப்பிட்டார். "ஓசூரோட என்ற வெளியூர் வேல முடிஞ்சுதுங்க சார்," என்றாள். அங்கே இப்போது யார் ஈயம் வைக்கிறார்களோ தெரியாது. பெட்டியில் இன்றும் கொல்லிமலையில் கையால் செய்தது என்றுதான் எழுதியிருக்கிறது. வீடியோவில் இன்றும் என் மனைவியின் கைதான் ஓடுகிறது.

போகும்போது, மூலை பிளந்த ஒரு பெட்டியை எங்களுக்கு விட்டுப் போனார். "அண்ணா, இது உங்ககிட்டதான் இருக்கணும்." எனக்கு வேண்டாம் என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிளந்த மூலையை மரப்பசையால் ஒட்டி, சாக்கைக் கழற்றித் துவைத்து, மறுபடி தைத்தாள். இப்போது தும்மல் வருவதில்லை.

கச்சேரிக்கு அதை நான் எடுத்துப்போவதில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது வாசிப்பேன். சொல்லக் கடினமாகத்தான் இருக்கிறது: என் பழைய பெட்டியில் ஒரு பாட்டைப் பழகினால் பாட்டு பாடமாகிறது, இதில் பழகினால் நேரம் போவது தெரியவில்லை. அதற்காக நான் தேன் என்று சொல்லப்போவதில்லை. மூச்சு என்றும் சொல்லப்போவதில்லை.

போன மாதம் ஒரு காலையில் கடும் பனிமூட்டம். மனைவி செம்மேட்டுச் சந்தைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்துவைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். பைக்கில் வந்த இரண்டு பையன்கள் வழி தெரியாமல் வண்டியை நிறுத்தினார்கள். ஒருவன் முதுகில் கிதார் உறை தொங்கியது. அதைப் பார்த்ததும், அவர்கள் வாசலுக்கு வருவதற்குள், கிதாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் தோளில் இருந்த துண்டைப் பெட்டியின்மேல் போட்டு மூடினேன்.

"அருவிக்கு எப்படிண்ணா போகணும்?"

சொன்னேன். அவர்கள் நகரவில்லை. கிதார்க்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இப்ப ஒரு மியூசிக் கேட்டுச்சே, செம்மயா இருந்துச்சு. என்னண்ணா அது?"

"ரேடியோ, சாமி."

"எந்த ஸ்டேஷன்ணா?"

"திருச்சி," என்றேன்.

அவன் செல்போனை எடுத்துக் குறித்துக்கொண்டான்.